பிடி அரிசி

கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் வண்டியில் ஏறி உட்கார்ந்ததுமே ராஜாமணிக்கு இறங்கி வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்றிருந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகியும் உடம்பு ஊர் வழிக்கு வரவில்லை. பேரனைப் பார்த்துவிட்டு வந்தவள் என்றுதான் தெருவில் பேச்சு. பார்த்ததென்னவோ அடுப்பைத்தான். மருமகள் காயத்ரிக்குப் பத்தியச் சமையல், மகன் கதிரவனுக்கு விடிவதற்குள் கட்டிக் கொடுக்கும் சோறு, குழந்தைக்கு எண்ணெய்க் குளியல் என்று மூன்று மாதம் போன இடம் தெரியவில்லை. அறுபத்தைந்து வயசுக்கு அது ஜாஸ்தி.

டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆடிக் காற்று பஸ் ஸ்டாண்டுக் குப்பையை அள்ளி ஜன்னல் வழியாக மடியில் போட்டது. ராஜாமணி பையை இறுக்கிக்கொண்டாள். பையில் அண்ணிக்குக் கோடாலித் தைலம், அண்ணனுக்கு ஒரு கைலி, இரண்டு பாக்கெட் பிஸ்கட். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கைக்குட்டை முடிச்சு. அந்த முடிச்சை வைத்துக்கொண்டுதான் அண்ணன் சிங்காரத்திடம் பேசப் போகிறாள். பேசி ஜெயித்த வரலாறு இதுவரை கிடையாது.

அவள் கேட்கப் போவது சொத்து சுகம் ஒன்றுமில்லை. இந்த ஆடி அமாவாசைக்காவது அப்பா உத்திராபதிக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும். மகளோ மகள் பெற்ற பிள்ளையோ இறைக்க அவர்கள் வகையறாவில் வழக்கமில்லை. சிங்காரத்துக்குப் பிறந்தது இரண்டும் பெண், இரண்டும் கட்டிக்கொடுத்த இடத்தில். போன தை மாதம் அவருக்கு மார்வலி வந்து சிதம்பரம் ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டார். எழுபது வயசு. அவர் போய்விட்டால் உத்திராபதிக்குத் தண்ணீர் இறைக்க இந்தப் பூமியில் ஆளில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது ராஜாமணிக்கு வந்த பயம் அதுதான். அண்ணனைப் பற்றிய பயத்தோடு அதுவும் சேர்ந்து வந்ததை நினைத்து அன்றைக்கு வெட்கப்பட்டாள்.

உத்திராபதி மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். ராஜாமணி வயிற்றில் இருந்தபோது, பெண்டாட்டி ராமாமிர்தத்தையும் நாலு வயசு சிங்காரத்தையும் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார். கணக்கு முடித்துக்கொண்டு பின்னாலேயே வருகிறேன் என்றார். அவர் வருவதற்குள் தோட்டத்துக்கு ஜப்பான்காரன் வந்துவிட்டான். கப்பல் நின்றது, காகிதம் நின்றது. சண்டை முடிந்து அந்தத் தோட்டத்திலிருந்து ஊர் திரும்பிய கொளஞ்சியப்பன், சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள், அதில் உத்திராபதியையும் கொண்டுபோனார்கள் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஈப்போ பக்கம் ஒரு பொம்பளையோடு பார்த்ததாக ஒருத்தன் சொன்னான், நிஜமோ பொய்யோ என்று ஒரு வாலையும் ஒட்டிவிட்டுப் போனார். ராமாமிர்தம் இரண்டையும் நம்பவில்லை. எங்கேயோ இருக்கிறார், வருவார் என்று தாலியோடேயே இருந்து தாலியோடேயே செத்தாள். சிங்காரம் அந்த வாலைப் பிடித்துக்கொண்டவர்தான், இன்னும் விடவில்லை. அப்பாவை 'அந்தாளு' என்பார். அவர் வாயிலிருந்து அப்பா என்ற சொல்லை ராஜாமணி கேட்டதில்லை.

பஸ் ஒருவழியாகக் கிளம்பியது. புதுச்சத்திரம் தாண்டிச் சவுக்குத் தோப்புகள் வந்ததும் காற்றில் கொஞ்சம் ஈரம் சேர்ந்தது. ராஜாமணி தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்துக் கண்ணை மூடினாள்.

சிங்கப்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கதிரவன்தான் பேச்சை எடுத்தான். "ம்மா, சாங்கிப் பக்கம் சண்டைக் கைதிங்களுக்குன்னு ஒரு மியூசியம் வச்சிருக்காங்க. உள்ளாரயே ஒரு கோயிலும் இருக்குது. சயாமு ரயிலு போட்டவங்க படமெல்லாம் இருக்குதாம். போவமா?"

கோயில் என்றதும் அவள் தலைக்குக் குளித்தாள். வெறுங்கையோடு போக மனசு வரவில்லை. தேங்காய் பழம் தேடக் கடைக்குப் போகவும் நேரமில்லை. அரிசி டப்பாவைத் திறந்து ஒரு பிடி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். அது அவள் அம்மாவின் வழக்கம். ராமாமிர்தம் தினமும் உலை வைக்குமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். புருஷனுடைய பங்கு. கலயம் நிறைந்தால் வாசலுக்கு வரும் பண்டாரத்துக்குப் போட்டுவிடுவாள். இங்கே நாம் போட்டால் அங்கே அவருக்கு யாராவது போடுவார்கள் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

மியூசியத்துக்குள் ஏசி குளிர் எலும்பில் இறங்கியது. சுவரெல்லாம் படங்கள். விலா எலும்பு எண்ணும்படி, இடுப்பில் ஒரு துண்டுத் துணியோடு நிற்கும் மனிதர்கள். ராஜாமணி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். அப்பாவின் முகம் அவளுக்குத் தெரியாது. வீட்டில் ஒரு படம் கூட இல்லை. அண்ணனுடைய தாடை யாருக்காவது இருக்கிறதா என்று பார்த்தாள்.

"இவுங்க பூரா வெள்ளக்கார சிப்பாயிங்கம்மா," என்றான் கதிரவன். "இங்கேருந்துதான் சயாமுக்கு ரயில்ல ஏத்திக் கொண்டுபோயிருக்காங்க. தாத்தாவ தோட்டத்துலருந்தே புடிச்சிக்கினு போயிருப்பாங்க. இங்க வந்தே இருக்க மாட்டாரு."

"பேரு எங்கயாச்சும் இருக்குமா?"

"நம்ம தோட்டத்து ஆளுங்க பேர ஜப்பான்காரன் ஒழுங்கா எழுதியே வெக்கிலியாம்மா. எங்க போயி தேடறது?"

ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நசுங்கிய தகரக் குவளை இருந்தது. அடியில் கொஞ்சம் அரிசி. கதிரவன் பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னான். ரயில் பாதையில் மோசமான நாட்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அவ்வளவுதான். காய்ச்சலில் படுத்துவிட்டால் அதிலும் பாதி. ராஜாமணி கடலூர் முதுநகர்ப் பள்ளிக்கூடத்தில் ரிட்டயராகும் வரை சத்துணவு சமைத்தவள். ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்கு எவ்வளவு என்று தராசில்லாமலே கை சொல்லும். அந்தக் குவளையில் இருந்தது அவள் கையில் ஒரு பிடிதான் வரும். பாறை உடைத்த ஆம்பிளைக்கு அது மூன்று வேளைக்கும். "எங்கயாச்சும் ஒக்காரணும்டா," என்றாள்.

கோயில் என்று அவன் சொன்னது மாதாகோயில். திறந்த முற்றத்தில் ஒரு சின்னக் கூரை, அதன் கீழே சிலுவை வைத்த மேடை, மர பெஞ்சுகள். பக்கத்துப் பலகையில் வந்தவர்கள் எழுதிக் குத்திவைத்த காகிதங்கள், காய்ந்த பூக்கள். வயதான வெள்ளைக்காரர் ஒருவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லோரும் காகிதம் குத்துகிறார்களே, நமக்குத் தெரிந்ததை நாம் செய்வோம் என்று ராஜாமணிக்குத் தோன்றியது. செருப்பைக் கழற்றிவிட்டு மேடைக்குப் போனாள். கைக்குட்டையை அவிழ்த்துச் சிலுவைக்கு முன்னால் அரிசியைக் குவித்தாள். யார் சாமியாக இருந்தால் என்ன, பசியோடு செத்தவர்களின் சாமிதானே என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

பணிப்பெண் ஒருத்தி ஓடி வந்தாள். கோபமில்லை. ஆன்ட்டி ஆன்ட்டி என்று சிரித்தபடியே எறும்பு வரும் என்று விரல்களை ஊரவிட்டுக் காட்டினாள். கதிரவன் முகம் சிவந்து அரிசியை வழித்துக் கைக்குட்டையில் போட்டான். "இன்னாம்மா நீ, மானத்த வாங்கற," என்று பல்லைக் கடித்தான். கீழே இரண்டு மணி அரிசி சிந்தியிருந்தது. அந்த வெள்ளைக்காரர் மெதுவாக எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அந்த இரண்டையும் பொறுக்கி ராஜாமணியின் உள்ளங்கையில் வைத்தார். அவருடைய ஆட்கள் யார் செத்தார்களோ. ராஜாமணி அந்த அரிசியைத் திரும்ப டப்பாவில் கொட்டவில்லை. அதே முடிச்சு கடல் தாண்டிக் கடலூர் வந்து, இப்போது மடியில் இருந்தது.

பி.முட்லூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துப் புவனகிரிக்கு வந்து, அங்கிருந்து ஆற்றோரமாக நடந்து அண்ணன் வீடு சேர்ந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. அண்ணி ஞானாம்பாள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். சிங்காரம் சேறு ஒட்டிய மண்வெட்டியோடு கொல்லைப் பக்கமாக வந்தார்.

"வா பாப்பா. சிங்கப்பூரு போயி வந்த மூஞ்சியா இது? அங்க சோறு போட்டாங்களா இல்லியா?"

"நாந்தான்ணா போட்டன். எல்லாருக்கும்."

"கேளு ராஜாமணி," என்றாள் ஞானாம்பாள். "மம்முட்டியத் தொடக் கூடாதுன்னு டாக்டரு சொன்னாரா இல்லியா? வாய்க்கா வெட்டப் போயிட்டு வருது பாரு. ரெண்டு மொழம் வெட்டறதுக்குள்ள எத்தினி தடவ மூச்சு வாங்குச்சோ."

"தண்ணி வரப் போவுது, வாய்க்கால டாக்டரா வந்து வெட்டுவாரு?"

சாப்பாட்டில் உட்கார்ந்தார்கள். ராஜாமணிக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. சிங்காரத்துக்குத் தனிச் சட்டியில் சுரைக்காய், உப்பில்லாமல். அவர் ஒரு வாய் வைத்துவிட்டு மென்றுகொண்டே இருந்தார்.

"பாத்தியா பாப்பா, தை மாசத்துலருந்து இதான். இத மாடு கூட மோந்து பாத்துட்டுப் போயிடும்."

"மாட்டுக்குப் பிரஷரு இல்ல," என்றாள் ஞானாம்பாள். "உப்புச் சாடிய எங்க ஒளிச்சாலும் கண்டுபுடிக்குது ராஜாமணி. போன வாரம் கோமுட்டிக் கடையில நின்னுக்கினு ஊறுகா நக்குச்சாம்."

"ஒரு சொட்டுடி."

"சொட்டோ, பொட்டோ."

ராஜாமணி சிரித்தாள். சிரித்ததோடு கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தாள். "அண்ணா, வர்ற அமாவாசைக்கு ஆத்துக்குப் போயி அப்பாவுக்கு..."

சிங்காரத்தின் கை தட்டிலேயே நின்றது. "அதுக்கா வந்த? கைலியக் குடுக்கும்போதே நெனச்சன். அந்தாளுக்கு எள்ளு எறைக்க ஈப்போவுல புள்ளைங்க இருக்கும். அதுங்க எறைக்கட்டும்."

"பாத்தது யாருண்ணா? ஒருத்தன் சொன்னான்னு இன்னொருத்தன் சொன்னது."

"ரயிலு போடப் போனாருன்னதும் அதே வாயிதான சொன்னுச்சு? ஒனக்குப் புடிச்சத நீ நம்பற. எனக்கு வந்தத நான் நம்பறன்."

"அப்பிடி இன்னாண்ணா கோவம்? அந்த மொகத்தயே நான் பாத்ததில்ல. நீயாச்சும் நாலு வருசம் தோள்ல ஒக்காந்திருப்ப."

சிங்காரம் தட்டைத் தள்ளிவிட்டுக் கையைக் கழுவினார். ஞானாம்பாள், மாத்திரை போடணும் கத்தாத என்றாள். அவர் கத்தவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, ரொம்ப அசதியான குரலில் பேசினார்.

"ஒனக்கு இன்னா தெரியும்? புயலடிச்சு நெல்லு பூரா சாஞ்ச வருசம். அம்மா வேலைக்கிப் போவும், வேலையே இருக்காது. அரைப்படி நொய்யி வாங்கியாரும். அதுலயும் மொதப் பிடி அந்தக் கலயத்துக்கு. நீ பசியில அழுவ. ஒன் அழுகையக் காதால கேக்க முடியாது. ஒரு நாளு அம்மா இல்லாத நேரத்துல கலயத்துல கைய வுட்டன். ஒரே பிடி. கஞ்சி காச்சி ஒனக்கு ஊத்துனன். நீ குடிச்சிட்டுத் தூங்கிட்ட."

"எனக்கா?"

"பின்ன யாருக்கு? அம்மா வந்து கலயத்தப் பாத்துச்சு. அகப்பையால அடிச்சுது பாரு. எங்கம்மா என்ன அடிச்சது அந்த ஒரு தடவதான். அவரு பங்குல கைய வெப்பியா, வெப்பியான்னு கேட்டுக் கேட்டு அடிச்சுது. அன்னிக்கு முடிவு பண்ணன். எங்கயோ ஒக்காந்து வயிறாரத் தின்னுக்கினு இருக்கறவனுக்கு எங்க வயித்துலருந்து ஒரு பிடி. அதுக்கு நான் அடி வேற வாங்கணும். அந்தக் கையால நான் தண்ணி எறைக்கணுமா? போம்மா, போயி படு. களைச்சிப் போயிருக்க."

தான் குடித்த கஞ்சிக்காக அண்ணன் அடி வாங்கிய கதை இத்தனை காலம் ராஜாமணிக்குத் தெரியாது. அவர் சொன்னதில் நியாயப் பிசகு எதுவும் இல்லை. பையை இழுத்துக் கைக்குட்டையை எடுத்தாள். முடிச்சு இறுகிக்கிடந்தது. பல்லால் கடித்து அவிழ்த்து, அண்ணன் முன்னால் விரித்து வைத்தாள்.

"இன்னா இது?"

"சிங்கப்பூரு அரிசி. கைதிங்க கோயில்ல வெச்சன். எறும்பு வரும்னு திருப்பிக் குடுத்துட்டாங்க." அவள் அரிசியை விரலால் கூட்டினாள். "வயிறார எங்கண்ணா தின்னாரு? ரயிலு போட்டவங்களுக்கு ஒரு நாளைக்கி இம்மாந்தான். மூணு வேளைக்கும் சேத்து. கண்ணாடிப் பொட்டியில வெச்சிருக்கான், என் கண்ணால பாத்தன். காய்ச்சல் வந்து படுத்தா இதுலயும் பாதியாம்."

சிங்காரம் குனிந்து கைக்குட்டையைப் பார்த்தார்.

"அப்பா பேரு எங்கியும் இல்லண்ணா. நான் பொய் சொல்ல மாட்டன். ஈப்போவுல ஒருத்தியோட இருந்தாரா இல்லியான்னும் எனக்குத் தெரியாது. அந்தப் படத்தையெல்லாம் பாத்தப்பறம், இருந்திருந்தா நல்லதுன்னு நெனச்சன். எவ வூட்டுலயாச்சும் ஒக்காந்து தின்னுருந்தாருன்னா சரி. எனக்குப் போதும்."

ஞானாம்பாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சிங்காரம் அந்த அரிசியை வழித்துத் தன் உள்ளங்கையில் போட்டுக்கொண்டார். மண்வெட்டி பிடித்துக் காய்த்த பெரிய கை. அரிசி அதில் குழிக்குள்ளேயே அடங்கிப்போனது. மூடிப் பார்த்தார், திறந்து பார்த்தார்.

"இதத் தின்னுட்டு மண்ணு வெட்டுனாங்களா?"

"மண்ணும் வெட்டி, கல்லும் ஒடச்சி."

உள்ளங்கையிலிருந்து கண்ணை எடுக்காமல், "உப்பு?" என்றார்.

"இன்னாண்ணா?"

"உப்பாவுது குடுத்தானா?"

ராஜாமணி யோசித்தாள். அந்தப் பெட்டியில் அரிசி மட்டும்தான் இருந்தது. "தெரிலண்ணா. உப்பப் பத்திக் கதிரவன் ஒண்ணும் படிக்கல."

அவர் அரிசியைக் கைக்குட்டையில் போட்டுத் தானே முடிந்தார். அதைக் கொண்டுபோய் அலமாரியில் மாத்திரைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ராஜாமணி ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே தங்கினாள். கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று, இனிமேல் தன்னிடம் தெம்பும் இல்லை, சொல்லும் இல்லை என்றிருந்தது அவளுக்கு. அண்ணிக்குக் கூடமாட உளுந்து புடைத்தாள். அண்ணன் சாப்பிடும்போது முன்னைப் போல முணுமுணுக்கவில்லை. சுரைக்காயை ஒவ்வொரு துண்டாக எடுத்து, எதையோ ருசி பார்க்கிறவர் போல மென்று விழுங்கினார்.

அமாவாசை அன்று விடிந்ததும் அவர் வெளுத்த வேட்டி கேட்டார். ராஜாமணிக்குக் கைகால் ஓடவில்லை. ஞானாம்பாள் அந்த முடிச்சு அரிசியோடு வீட்டு அரிசியும் ஒரு கை சேர்த்து, குளித்த ஈரத்தோடு தனிச் சட்டியில் பொங்கினாள். கிளம்புகிற நேரத்தில் ராஜாமணியின் காதைக் கடித்தாள்.

"சாடியில கைய வுட்டுட்டுப் போவுது ராஜாமணி. இடுப்புல முடிஞ்சி வெச்சிருக்குது பாரு. ஆத்தங்கரையில நம்ம அசந்த நேரம் பாத்து வாயில போட்டுக்கப் போவுது. நல்ல நாளும் அதுவுமா இன்னாத்தச் சொல்றது?"

"வுடுங்க அண்ணி. வந்ததே பெரிசு."

வெள்ளாற்றில் கணுக்காலளவுத் தண்ணீர்தான். கரையில் அங்கங்கே ஆட்கள் உட்கார்ந்து எள் இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஐயர் ஒவ்வொரு கூட்டமாக முடித்துவிட்டு வேர்த்து விறுவிறுத்து வந்தார். சிங்காரம் சட்டையில்லாமல் மணலில் உட்கார்ந்தார். பேர் கேட்டபோது உத்திராபதி என்று பளிச்சென்று சொன்னார். செத்த மாசம், திதி ஏதாவது தெரியுமா என்று ஐயர் கேட்டார். தெரியாது என்று தலையாட்டினார்.

"பரவால்ல, அமாவாசை எல்லாருக்கும் பொது. சோத்தப் பிசைஞ்சி உருண்டை பிடிங்க."

சிங்காரம் இலையில் இருந்த சோற்றைப் பிசைந்தார். பிறகு இடுப்பு முடிச்சை அவிழ்த்தார். ஞானாம்பாள் ராஜாமணியின் கையை அழுத்திப் பிடித்தாள். அவர் கல்லுப்பை எடுத்து உள்ளங்கையில் நுணுக்கிச் சோற்றில் தூவினார்.

"அய்யய்யோ, இன்னாங்க பண்றீங்க?" ஐயர் பதறினார். "பிண்டத்துல உப்பு போடற வழக்கம் இல்லிங்க."

"இதுல போடணும் சாமி."

"ஊரு ஒலகத்துல இல்லாத பழக்கமா இருக்குதே. பித்ருக்களுக்கு உப்பு ஆவாதுங்க."

சிங்காரம் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது, குரல் நிதானமாக இருந்தது. "எங்கப்பா அறுவது வருசமா உப்பில்லாமத் தின்னுக்கினு இருக்காரு சாமி. எனக்கு ஆறு மாசமே முடியல."

ஐயர் மந்திரத்தைத் தொடர்ந்தார். எங்கப்பா என்ற சொல் காதில் விழுந்த இடத்திலேயே ராஜாமணி நின்றாள். வழிந்த கண்ணீரை அவள் துடைக்கவில்லை.

உருண்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டு சிங்காரம் கையைப் பார்த்தார். விரலிடுக்கில் உப்பு ஒட்டியிருந்தது. ஞானாம்பாள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து ஆற்றில் கையைக் கழுவினார்.